"நான் யார்?" என்று கேட்ட கம்ப்யூட்டர்கள்

திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ இ-சேவை மையத்துக்குப் போய்ப் பட்டா நகல் கேட்கிறோம். சர்வே எண்ணைத் தட்டியதும் சில நிமிடங்களில் தாள் கைக்கு வந்துவிடுகிறது. முன்பு இதற்காகத் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

ஆனால் புதிதாக வாங்கி வந்த கம்ப்யூட்டர் வெறும் தகரப் பெட்டிதான். அதற்குள் விண்டோஸ் அல்லது லினக்ஸ் போன்ற ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினால்தான் அது கண்ணைத் திறக்கும். ஒரு காலத்தில் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து அதை ஏற்றினார். பிறகு ஆளே இல்லாமல் கம்பி வழியாக ஏறத் தொடங்கியது. இந்த மாற்றம் எப்படி வந்தது, அதில் தீராமல் நின்ற ஒரு சிக்கல் என்ன என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பணியின் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவன் என்பதால், இதில் கொஞ்சம் நேரில் பார்த்ததும் உண்டு.

பிளாப்பியும் பஸ்ஸும்

விண்டோஸ் 95 வந்தபோது அதைப் பிளாப்பியிலும் விற்றார்கள். மொத்தம் 13 பிளாப்பிகள். ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டும். பன்னிரண்டாவது பிளாப்பியில் பூசணம் பிடித்திருந்தால் அத்தனையும் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு சிடி வந்தது. ஒரு சிடியில் 700 எம்பி அடங்கும். செருகும் வேலை குறைந்தது, உட்கார்ந்திருக்கும் வேலை குறையவில்லை.

ஏனென்றால், ஏற்றும்போது அது கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த மொழி? எந்த விசைப்பலகை? டிஸ்க்கை எப்படிப் பிரிக்க வேண்டும்? பாஸ்வேர்டு என்ன? எந்த ஊர் நேரம்? நெட்வொர்க் முகவரி என்ன? பத்து நிமிடம் ஓடும், ஒரு கேள்வி கேட்கும். டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்வரை அந்தக் கேள்வியோடு அப்படியே நிற்கும். ஒரு பெட்டிக்கு முக்கால் மணி நேரம் என்றால் இருபது பெட்டிக்கு இரண்டு நாள்.

நம் பகுதியில் இந்த வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. காரியாபட்டி, நரிக்குடி, திருச்சுழி என்று ஆபீஸ்கள் தள்ளித் தள்ளி இருக்கும். சிடி உறையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்தால் கரண்ட் இருக்காது. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் ஊளையிட்டு அடங்கிவிட்டால், அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் வேலை முடியாது. கரிசல் வெயிலில் திரும்பி வந்து மறுநாள் மறுபடியும் போக வேண்டும்.

கதவு எண்ணும் டோக்கன் எண்ணும்

சிக்கலைச் சொல்வதற்கு முன்னால், ஐபி முகவரி என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் வேண்டும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த முறையை 1981 செப்டம்பரில் ஆவணமாக வெளியிட்டார்கள். அதன் பதிப்பாசிரியர் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர். மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள்தான் இந்த முறையில் கிடைக்கும். உலகத்துக்கு அது போதாது என்று தெரிந்ததும், அலுவலகங்கள் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளச் சில தொகுதிகளை 1996இல் தனியே ஒதுக்கினார்கள். 10 என்றும் 192.168 என்றும் தொடங்கும் எண்களை நம் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பார்த்திருப்பீர்கள். அவை அந்த வகை.

இந்த முகவரியை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று, ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. இன்றைக்கு 17 உங்களுக்கு, நாளைக்கு 17 வேறொருவருக்கு. நம் வீட்டு வைஃபை இப்படித்தான் செல்போனுக்கு எண் கொடுக்கிறது. மற்றது, வீட்டுக் கதவு எண் மாதிரி. யார் குடியிருந்தாலும் அந்த வீட்டுக்கு அந்த எண்தான். இதை நிலையான முகவரி, ஸ்டேட்டிக் ஐபி என்பார்கள்.

அலுவலகங்கள் பெரும்பாலும் கதவு எண்ணையே விரும்பின. பிரிண்டர் எங்கே இருக்கிறது, சர்வர் எங்கே இருக்கிறது என்று எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், தினம் மாறினால் தேட முடியாது. தலைமை அலுவலக சர்வர், பட்டியலில் உள்ள முகவரிகளுக்கு மட்டும் கதவைத் திறக்கும். யார் எந்த மேஜையிலிருந்து எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்று பிறகு பார்க்கவும் எண் மாறாமல் இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு விவரங்களைக் கையால் அடிப்பார்கள்: அதன் முகவரி, தெரு எல்லையைச் சொல்லும் மாஸ்க், வெளியே போகும் வழியான கேட்வே, பெயர்களை எண்ணாக்கித் தரும் சர்வரின் முகவரி. இதில் ஓர் இலக்கம் தவறினாலும் அந்த மேஜைக்கு அன்று வேலை கிடையாது.

கூப்பிடு தூரம்

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஆள் இல்லாமல் கம்பி வழியே ஏற்ற வேண்டும் என்றால், காலிப் பெட்டி சர்வரோடு பேச வேண்டும். பேச வேண்டும் என்றால் அதற்கு முகவரி வேண்டும். முகவரியோ சர்வரில் உள்ள கோப்பில் இருக்கிறது. "பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்" என்று நம் ஊரில் சொல்வோமே, அதே கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் முதலில் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் செய்தவர்கள். 1980களில் டிஸ்க்கின் விலை மிக அதிகம். அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், சர்வரில் மட்டும் டிஸ்க்கை வைத்து, மேஜைகளில் டிஸ்க் இல்லாத பெட்டிகளை வைத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர் நம் நாட்டு வினோத் கோஸ்லா. சுவிட்ச் போட்டதும் அந்தப் பெட்டிக்குத் தன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரியும்: நெட்வொர்க் அட்டையில் தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்பிய ஆறு பைட் எண். பிறவி மச்சம் போல அது.

1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதன் சுருக்கப் பெயர் ரார்ப். பெட்டி தன் அட்டை எண்ணைச் சொல்லி, "இந்த எண்காரனாகிய எனக்கு முகவரி என்ன?" என்று கம்பி முழுக்கக் கேட்கும்படி கூவும். சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும்: இந்த அட்டை எண்ணுக்கு இந்த முகவரி. அதைப் பார்த்து சர்வர் பதில் சொல்லும். முகவரி கிடைத்ததும் சன் கம்ப்யூட்டர் அடுத்ததாகக் கேட்கும் கேள்விக்கு அவர்கள் வைத்த பெயர் "ஹூ ஆம் ஐ", அதாவது "நான் யார்?". அதற்குப் பதிலாகத் தன் பெயரைப் பெற்ற பிறகே அது மேற்கொண்டு எழுந்திருக்கும். 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமணர் எந்தக் கேள்வியை உலகத்துக்குத் தந்தார் என்பதை நான் நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகவான் அந்தக் கேள்விக்கு விடையை உள்ளே தேடச் சொன்னார். கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே யாரோ எழுதி வைத்த பட்டியலைத்தான் அது நம்ப வேண்டும். அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முகவரி கிடைத்த பிறகு கோப்பை இறக்க வேண்டும். அதற்கு 1981இலேயே டிஎஃப்டிபி என்று மிக எளிய ஒரு முறை இருந்தது. ஒரு தடவைக்கு 512 பைட் அனுப்பும். "வந்தது" என்று பதில் வந்தால்தான் அடுத்த 512. கண்மாயில் தூர் வாரும்போது கூடை கைமாறுகிற மாதிரிதான். ஒரு கூடையை எதிராளி வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த கூடை. மெதுவாக நடக்கும், ஆனால் அந்த முறை மிகச் சிறிய நிரலில் அடங்கிவிடும். காலிப் பெட்டியின் சின்ன நினைவகத்துக்கு அதுதான் தேவை.

ரார்ப்பில் ஒரு குறை. பெட்டி கூவுவது அதே கம்பியில் இருப்பவர்களுக்கு மட்டுமே கேட்கும். நம் பாஷையில் சொன்னால் கூப்பிடு தூரம். அருப்புக்கோட்டையில் இருக்கும் பெட்டி எவ்வளவு கூவினாலும் விருதுநகரில் இருக்கும் சர்வருக்குக் கேட்காது. 1985 செப்டம்பரில் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் வெளியிட்ட பூட்பி என்ற முறை இதற்கு வழி செய்தது. உள்ளூரில் ஒருவர் அந்தக் கூவலைக் காதில் வாங்கி, அடுத்த ஊருக்குக் கடிதமாக அனுப்பிப் பதில் வாங்கித் தரலாம். தண்டோராக்காரரும் தலையாரியும் சேர்ந்து பார்த்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரியோடு கூட, எந்தக் கோப்பை இறக்க வேண்டும் என்பதையும் பூட்பி சொன்னது.

பூட்பியிலும் ஒவ்வொரு பெட்டியையும் பட்டியலில் முன்கூட்டியே எழுத வேண்டும். ஆயிரக்கணக்கில் பெட்டிகள் பெருகியபோது அது முடியவில்லை. 1993 அக்டோபரில் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய டிஎச்சிபி வந்தது. டோக்கன் முறை இதுதான். கேட்டவர்களுக்கு இருக்கிற எண்ணில் ஒன்றைத் தவணைக்குக் கொடுக்கும், தவணை முடிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் டிரோம்ஸ் பழைய வழியையும் விட்டுவிடவில்லை. இந்த அட்டைக்கு எப்போதும் இந்த எண்தான் என்று நிர்வாகி எழுதி வைக்கவும் அதில் இடம் இருந்தது.

இவை எல்லாவற்றையும் சாதாரணக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது இன்டெல் நிறுவனம். 1999இல் அது வெளியிட்ட பிஎக்ஸ்இ என்ற விதிமுறையால், டிஸ்க் காலியாக இருந்தாலும் பெட்டி தானே முகவரி கேட்டு, கோப்பு இறக்கி, எழுந்திருக்க முடிந்தது. அதோடு சேர்ந்து வேலை செய்யும் பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற சின்ன நிரல் தனக்கான உத்தரவைத் தேடும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் தன் அட்டை எண்ணின் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் தன் முகவரியை எட்டு எழுத்தாக மாற்றி அந்தப் பெயரில் கேட்கும். அதுவும் இல்லையென்றால் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு ஏழு எழுத்தில் கேட்கும், பிறகு ஆறு, ஐந்து என்று ஒரு எழுத்து வரை வரும். முகவரி எழுதாத கடிதத்தை வைத்துக்கொண்டு வீடு, தெரு, ஊர் என்று விசாரித்துக்கொண்டே போகிற தபால்காரர் போல. எங்கும் கிடைக்கவில்லை என்றால் "டீஃபால்ட்" என்ற பொதுக் கோப்பை எடுத்துக்கொள்ளும். இந்தப் பொதுக் கோப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றி ஒரு செய்தி வருகிறது.

முன்கூட்டி எழுதிய விடைத்தாள்

எழுந்திருப்பது ஒரு பாதி. ஏற்றும்போது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது மறுபாதி. 1990களில் சன் நிறுவனம் ஜம்ப்ஸ்டார்ட் என்றும், ரெட் ஹாட் நிறுவனம் கிக்ஸ்டார்ட் என்றும் வழி கண்டன. 1999இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே என்பவர் டெபியன் லினக்ஸுக்காக இதே வேலையைச் செய்யும் ஃபாய் என்ற கருவியைத் தொடங்கினார். 2005 ஜூனில் வெளிவந்த டெபியன் பதிப்பின் புதிய நிறுவியில் பிரிசீட் என்ற வசதி வந்தது. பெயர்தான் வேறு வேறு, கருத்து ஒன்றுதான்: கேள்விகளுக்கான விடைகளை எல்லாம் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுவது. ரெட் ஹாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பெட்டியில் கையால் ஏற்றி முடித்தால், நாம் சொன்ன விடைகளை அதுவே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடும். அதை எடுத்துக் கொஞ்சம் திருத்தினால் அடுத்த பெட்டிக்கு ஆயிற்று.

இங்கேதான் பழைய முடிச்சு மறுபடியும் தலைகாட்டும். விடைத்தாளில், "உன் நிலையான முகவரி இது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த விடைத்தாள் சர்வரில் இருக்கிறது. அதை எடுத்துவரவே ஒரு முகவரி வேண்டும். டெபியன் பிரிசீட்டில் பலர் இதில் தடுக்கி விழுந்தார்கள். கோப்பில் எல்லாம் சரியாக எழுதியிருந்தும், முகவரி என்ன என்று பெட்டி கேட்டு நிற்கும். ஏனென்றால் அந்தக் கேள்வி, கோப்பு வந்து சேர்வதற்கு முன்னாலேயே வருகிற கேள்வி.

இதற்கு மூன்று வழிகள் பழக்கத்தில் இருந்தன. முதலாவது, ஏற்றி முடிக்கும் வரைக்கும் டோக்கன் முகவரியில் ஓட்டிவிட்டு, முடிந்ததும் விடைத்தாளில் உள்ள கதவு எண்ணுக்கு மாறுவது. கல்யாண வீட்டுக்காரர்கள் முகூர்த்தம் வரை சத்திரத்தில் தங்குகிற மாதிரி. இரண்டாவது, அட்டை எண்ணைப் பார்த்து எப்போதும் அதே முகவரியைத் தரும்படி டிஎச்சிபி சர்வரிலேயே எழுதி வைப்பது. மூன்றாவது, டோக்கன் சர்வரே கூடாது என்று விதி இருக்கும் இடங்களில், பூட் ஆகும் வரியிலேயே முகவரியையும் மாஸ்க்கையும் கேட்வேயையும் எழுதி, ஒரு சிடியிலோ பென்டிரைவிலோ கொடுத்தனுப்புவது.

மூன்றில் எதை எடுத்தாலும், எந்தப் பெட்டிக்கு எந்த எண் என்று ஒரு மனிதர் எங்கேயோ முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

நம் மாநிலத்தில்

1980களின் பிற்பகுதியில் தேசியத் தகவல் மையம் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைத்தது. பழைய ராமநாதபுரத்திலிருந்து 1985 மார்ச் 15 அன்று பிரிந்த நம் மாவட்டம் அப்போது புத்தம் புதியது. இன்டர்நெட் பொதுமக்களுக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. தாலுகா, ஒன்றியம் வரை கம்பி வருவதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. மாநிலந்தோறும் பரந்த நெட்வொர்க் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2005இல் ஒப்புதல் தந்தது.

மென்பொருள் பக்கத்திலும் மாற்றம் வந்தது. 2006க்குப் பிறகு எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், லினக்ஸை அரசுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முனைந்தார். 2007இல் சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்தியபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி சொன்னது. எக்ஸ்பி ஓடாத ஆபீஸே அப்போது அபூர்வம். ஒரே சமயத்தில் அத்தனை பெட்டிகளையும் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகச் சிடி போட்டு முடியுமா? ஆள் இல்லாமல் ஏற்றும் வழி அப்போதுதான் நம் பக்கத்தில் பலருக்குத் தேவையாகத் தெரிந்தது.

ஆனால் மேலைநாட்டுப் புத்தகத்தில் இருக்கிறபடி அப்படியே செய்ய முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிடி அளவு, அதாவது 700 எம்பி, நொடிக்கு 64 கிலோபிட் போகும் பழைய லைனில் வர எவ்வளவு நேரம் ஆகும்? 24 மணி நேரத்துக்கு மேல். 2 மெகாபிட் லைன் என்றால் முக்கால் மணி நேரம், அதுவும் வேறு யாரும் லைனைத் தொடாமல் இருந்தால். அதே ஆபீஸுக்குள் இருக்கும் 100 மெகாபிட் கம்பியில் ஒரு நிமிடம்தான். எனவே மாவட்டத் தலைநகரில் சர்வரை வைத்து இருபது பெட்டிக்கு ஏற்றுவது என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு வரும் டவுன் பஸ் அந்த லைனைவிட வேகமானது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு பழைய கம்ப்யூட்டரில் எல்லாக் கோப்புகளையும் ஏற்றி, அதையே பஸ்ஸில் கொண்டுபோய், அந்த ஆபீஸ் சுவிட்ச்சில் சொருகுவோம். கூப்பிடு தூரத்துக்குள் சர்வர் வந்துவிட்டது. பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவிட்ச் போட்டால் போதும். இடையில் கரண்ட் போனாலும் கவலையில்லை, வந்த பிறகு மறுபடி போட்டால் அதுவே முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளும். முன்பு இரண்டு நாள் பிடித்த வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. அந்த ஆபீஸின் அட்டெண்டர் ஒருவர் என்னிடம், "என்ன சார், ஒண்ணுமே செய்யாம உக்காந்திருக்கீங்க, பெட்டி மட்டும் தானா ஓடுது?" என்று கேட்டார். செய்ய வேண்டியதை எல்லாம் முந்தின இரவே நோட்டில் எழுதிவிட்டேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

கர்ணத்தின் நோட்டு

அந்த நோட்டுதான் விஷயம். இடது பக்கம் அட்டை எண், நடுவில் எந்த மேஜை, வலது பக்கம் ஐபி முகவரி. மனிதன் உட்கார்ந்து விடை சொன்ன காலத்தில் ஒருவர் தவறாக அடித்தால் ஒரு பெட்டிதான் கெடும். பட்டியலில் ஒரு வரி தவறினால், தவறு தானாகவே திரும்பத் திரும்ப நடக்கும். எத்தனை முறை ஏற்றினாலும் அதே தவறோடு ஏறும்.

வேறொரு மாவட்டத்தில் நடந்த ஒன்றை, அங்கே பணியாற்றிய நண்பர் சொல்லக் கேட்டேன். ஆபீஸ் பெயர் வேண்டாம். இருபது புதுப் பெட்டிகளுக்கு ஏற்ற வேண்டியிருந்ததால், பொதுக் கோப்பிலேயே "டிஸ்க்கை அழித்துப் புதிதாக ஏற்று" என்று எழுதியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை மாற்றவில்லை. சர்வரும் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. சித்திரையில் கோடை மழை இடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரின் போர்டு எரிந்துபோயிற்று. மெக்கானிக் வந்து போர்டை மாற்றினார். டிஸ்க் பழசுதான், நன்றாக இருந்தது. நெட்வொர்க்கை முதலில் தேடும்படியாகத்தான் அங்கே எல்லாப் பெட்டிகளையும் வைத்திருந்தார்கள். புதுப் போர்டில் புது அட்டை எண். சுவிட்ச் போட்டதும் பெட்டி தன் பெயரில் உத்தரவு தேடியது. பட்டியலில் அந்த எண் இல்லை. எழுத்தாக வெட்டி வெட்டித் தேடியது. கடைசியில் பொதுக் கோப்புக்குப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுவும் யாரையும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் டிஸ்க் புத்தம் புதிதாக இருந்தது. அந்த மேஜையில் இருந்த அம்மா எட்டு மாதமாகத் தட்டி வைத்திருந்த முதியோர் உதவித்தொகைப் பட்டியலின் நகல் வேறு எங்கும் இல்லை. பழைய மனுக்களைக் கட்டவிழ்த்து, மறுபடி உட்கார்ந்து தட்டினார்களாம். அதுவரை அந்த ஊர்க் கிழவிகள் படியேறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதில் இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது சொன்னபடி செய்தது. விவரம் தெரிந்தவர்கள் பொதுக் கோப்பில் எப்போதும் ஒரே வரிதான் எழுதுவார்கள்: "உன்னை எனக்குத் தெரியாது, உன் டிஸ்க்கிலிருந்தே எழுந்திரு." ஏற்ற வேண்டிய பெட்டிகளை மட்டும் அட்டை எண்ணோடு பெயர் சொல்லி எழுதுவார்கள். தெரியாதவர்களைத் தொடாமல் விடுவது என்பதுதான் அதன் பொருள்.

நம் வாசகர்களுக்கு இதைப் புரியவைக்க யூடிஆர் என்ற மூன்று எழுத்து போதும். 1979 முதல் 1987 வரை நடந்த அந்த நிலவரித் திட்டத்தில் பட்டாக்களைப் புதிதாக எழுதினார்கள். எழுதும்போது ஒரு பெயர் விட்டுப்போனவர்கள், ஒரு சப்-டிவிஷன் மாறிப்போனவர்கள் இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைகிறார்கள். அந்தப் பதிவேடு பிறகு கம்ப்யூட்டரில் ஏறியது. பிழையும் கூடவே ஏறியது. கம்ப்யூட்டர் பிழையை அழிக்கவில்லை, அழகான எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தது.

எங்கள் தெருவில் பழைய கர்ணம் ஒருவர் இருந்தார். 1980இல் எம்ஜிஆர் அரசு பரம்பரைக் கிராம அதிகாரி முறையை ஒழித்தபோது வேலையை விட்டவர். ஆள் இல்லாமல் கம்ப்யூட்டருக்கு ஏற்றுகிற கதையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப வேல செய்றது பெட்டியில்ல தம்பி, அந்த நோட்டு. அத யாரு வச்சிருக்கா, யாரு திருத்துறா, அதச் சொல்லுங்க" என்றார். அந்த வருஷம் வெளியூரிலிருந்து வந்த இளம் இன்ஜினியர்கள் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

இன்றைக்குச் செல்போன் தானே இரவில் புதுப்பித்துக்கொள்கிறது. சர்வர்கள் எங்கோ ஒரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. முறைகளின் பெயர்கள் மாறிவிட்டன. 1984இல் ரார்ப் கேட்ட கேள்வியை ஏதாவது ஒரு உருவத்தில் அவையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, பதிலும் ஏதோ ஒரு பட்டியலில் இருந்துதான் வருகிறது. உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்த வேலையில் இருந்தால், ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: பட்டியலில் பெயர் இல்லாத பெட்டி வந்தால் உங்கள் சர்வர் அதை என்ன செய்யும்? யோசிக்காமல் பதில் சொன்னால் பிள்ளை வேலை தெரிந்தவன். யோசித்தால், அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.